மஞ்சள் கடுதாசியும் நூறு ரூபாய்ப் பங்கும்

மயிலாப்பூரில் ஒரு நிதி முழுகினால் சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளிக்கு என்ன வந்தது என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லுவோம்.

மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் பண்ட் 1872இல் துவங்கிய ஸ்தாபனம். தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம் வரை நம்பிக்கைக்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட பெயர். ஓய்வூதியக்காரர்களும் விதவைத் தாய்மார்களும் பெண் கல்யாணத்துக்கென்று சேர்த்தவர்களும் அங்கே பணம் போட்டார்கள். முதிர்ந்த டெபாசிட்டுக்குப் பணம் வரவில்லை, கொடுத்த செக்குகள் திரும்பின என்று அவர்கள் போலீசுக்குப் போனார்கள். அதன் நிர்வாக இயக்குனர் தேவநாதன் யாதவ் 2024 ஆகஸ்டில் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசாரால் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு சில மாதங்களுக்கு முன்னால்தான் அவர் சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியில் தாமரைச் சின்னத்தில் நின்று ஓட்டுக் கேட்டார். குற்றம் நிரூபணமாகிறதா இல்லையா என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். அது நம் வேலையல்ல. நாம் கேட்பது வேறு. 150 வருஷத்து ஸ்தாபனம் சாய்ந்தால், அதில் பணம் போட்டவனுக்கு என்ன வழி என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்லி வைத்திருக்கிறதா?

இல்லை என்பதே உண்மை. அந்த "இல்லை" மயிலாப்பூரோடு நிற்பதல்ல. நிதி என்று பலகை மாட்டிய ஒவ்வொரு வாசலுக்கும், அதில் பணம் போட்ட ஒவ்வொரு தறிக்காரருக்கும், பீடி சுற்றும் தாய்க்கும் அதே "இல்லை"தான்.

நிதி என்பது என்ன? அங்கத்தினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கி அங்கத்தினர்களுக்கு மட்டும் கடன் கொடுக்கும் பரஸ்பர சகாய ஸ்தாபனம். சென்னை ராஜதானியில் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் லேவாதேவிக்காரனின் பிடியிலிருந்து தப்புவதற்காக நடுத்தர வர்க்கத்தார் கண்டுபிடித்த வழி அது. யோசனை நல்ல யோசனைதான். அதை நாம் குறை சொல்லவில்லை. பத்துப் பேர் சேர்ந்து பானையில் அரிசி போட்டுப் பத்துப் பேரும் சாப்பிடுவதில் என்ன தப்பு? பானைக்குக் காவல் யார், பானை உடைந்தால் கீழே சிந்தியதை யார் அள்ளுவது என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விசைத்தறி ஓட்டும் ஒருவர் ஒரு நிதியில் 2,00,000 ரூபாய் டெபாசிட் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தது. டெபாசிட்டை உடைத்தால் வட்டி போகும் என்று வீட்டுக்காரியின் ஐந்து பவுனை அதே நிதியில் ஈடு வைத்து 1,20,000 ரூபாய் வாங்கினார். நிதி முழுகியது. இப்போது என்ன நிலைமை? அவருக்கு வர வேண்டியது இரண்டு லட்சம். அதைக் கேட்டால், "கியூவில் நில்லுங்கள், சொத்தை விற்றபின் பார்க்கலாம்" என்று பதில். அவர் கொடுக்க வேண்டியது ஒரு லட்சத்து இருபதாயிரம். அதை மட்டும் வட்டியோடு ரொக்கமாகக் கட்டினால்தான் நகை. ஒரு கை வாங்கியதைத் தராது. இன்னொரு கை கொடுத்ததை விடாது. இரண்டும் ஒரே உடம்பின் கைகள்!

"வரவையும் பற்றையும் நேர் செய்து மீதியைப் பேசுவோம்" என்று அந்தத் தொழிலாளி கேட்டால் அது அநியாயமா? பெட்டிக்கடைக்காரரும் அப்படித்தான் கணக்குத் தீர்ப்பார். வெள்ளைக்காரன் 1909இலும் 1920இலும் போட்ட இன்சால்வென்சிச் சட்டங்களிலேயே இந்த நேர் செய்யும் உரிமை இருந்தது. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத் தொகுப்பு வந்தது. கம்பெனியைக் கலைக்கும் கட்டத்தில் நேர் செய்யலாம் என்று அதன் விதிகள் சொல்கின்றன. கம்பெனியைக் காப்பாற்ற முயலும் கட்டத்திலோ, சில விலக்குகள் தவிர அந்த உரிமை கிடையாது என்று 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஏர்டெல் கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கு அது. பெரிய முதலாளிகள் தங்களுக்குள் போட்ட வழக்கில் பிறந்த விதி நாளைக்குச் சின்ன மனிதனின் ஐந்து பவுன் மீதும் விழாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? செத்த பிறகு கணக்கை நேர் செய்யலாம், மூச்சு இருக்கும்போது கூடாதாம்!

அது போகட்டும். அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசலுக்குள்ளாவது சின்ன நிதியில் பணம் போட்டவர் நுழைய முடியுமா? முடியாது. பணத்தொழில் செய்யும் ஸ்தாபனங்களை அந்தச் சட்டம் முதலிலேயே வெளியே நிறுத்திவிட்டது. 2019 நவம்பரில் மத்திய சர்க்கார் ஒரு பக்கக் கதவைத் திறந்தது. 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் சொத்துள்ள வங்கியல்லாத நிதிக் கம்பெனிகளுக்கும் வீட்டுக் கடன் கம்பெனிகளுக்கும் மட்டும் அந்தக் கதவு. அதைத் தட்டும் அதிகாரமும் ரிசர்வ் வங்கிக்குத்தான். பணம் போட்டவர் தட்ட முடியாது.

சரி, கம்பெனிச் சட்டத்தின் கதவு? ஒரு காலத்தில் கம்பெனி கடனைத் திருப்பித் தரவில்லை என்று காட்டி, அதைக் கலைக்கும்படி கடன் கொடுத்தவர் கேட்கலாம். 2016இல் அந்தக் காரணத்தையே கம்பெனிச் சட்டத்திலிருந்து எடுத்துத் திவால் சட்டத்துக்குக் கொண்டு போனார்கள். ஆக, கடன் கொடுத்தவர் என்ற முறையில் இங்கே போனால் "அங்கே போ" என்கிறார்கள். அங்கே போனால் "பணத்தொழில் கம்பெனிக்கு இங்கே இடமில்லை" என்கிறார்கள். பந்தை உதைத்து விளையாடுகிறார்கள். பந்து நம் ஜனங்களின் வயிறு.

இதில் ஒரு வேடிக்கை கவனிக்கத் தக்கது. இரண்டு லட்சம் போட்ட டெபாசிட்காரர் என்ற முறையில் கம்பெனியைக் கலைக்கச் சொல்ல அவருக்கு வழியில்லை. ஆனால் டெபாசிட் போடுவதற்காக அவரிடம் வலிய விற்றார்களே, நூறு ரூபாய்ப் பங்கு, அந்தப் பங்குதாரர் என்ற முறையில் மனுப் போடலாம்! இரண்டு லட்சத்துக்கு வாயில்லை, நூறு ரூபாய்க்கு வாய் உண்டு. அந்த வாயையும் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் பங்கு வைத்திராத அங்கத்தினருக்கு ஆண்டு வரவு செலவு அறிக்கையை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று 2015 ஜூனில் மத்திய சர்க்கார் நிதிகளுக்குச் சலுகை கொடுத்தது. நிதியின் பதிவு அலுவலகம் இருக்கும் மாவட்டத்தில் ஓடும் பத்திரிகையில் ஒரு அறிவிப்புப் போட்டால் போதுமாம். பதிவு அலுவலகம் சென்னையில்; அங்கத்தினர் சங்கரன்கோவிலில். சென்னைப் பத்திரிகையின் உள்பக்கத்து மூலையில் வந்த நான்கு வரியைத் தறிச் சத்தத்துக்கு நடுவில் எவர் படித்தார்?

"அங்கத்தினர்" என்ற இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் முழு நாடகமும் நடக்கிறது. வங்கியில் பணம் போட்டவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. கூட்டுறவு வங்கிக்கும் உண்டு. நிதிக்குக் கிடையாது. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் கிடையாது. ஏன் என்று கேட்டால், அவர்கள் பொதுமக்கள் அல்ல, அங்கத்தினர்கள், தங்கள் ஸ்தாபனத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது நியாயம். கணக்குக் கேட்டால், "நூறு ரூபாய்ப் பங்குக்கு என்னய்யா கணக்கு?" முழுகினால், "நீங்கள்தானே சொந்தக்காரர்கள்!" நஷ்டத்துக்குச் சொந்தக்காரன், லாபத்துக்கு வேற்று மனிதன். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று டைரக்டர்கள் பரிமாறிக்கொண்ட பிறகு, காலிப் பானைக்குத்தான் அங்கத்தினர் சொந்தக்காரர்.

பெரிய கம்பெனிகளுக்குத் திறந்த அந்தப் பக்கக் கதவு வழியாக உள்ளே போனவர்களின் கதியும் அப்படியொன்றும் சிறந்ததல்ல. முதலில் போனது டி.எச்.எப்.எல். என்ற வீட்டுக் கடன் கம்பெனி, 2019 டிசம்பரில். பரஸ்பர ஸ்தாபனம் அல்ல, சுத்த முதலாளித்துவக் கம்பெனி. ஆனால் அதில் டெபாசிட் போட்டவர்கள் நம்மைப் போன்ற ஜனங்கள். கடன்காரர்கள் கமிட்டியில் தலைக்கு ஒரு ஓட்டு அல்ல, ரூபாய்க்குத் தக்க ஓட்டு. பாங்கிகளின் ரூபாய்தான் பெரிய ரூபாய். கடைசியில் பிரமால் கம்பெனி அதை எடுத்துக்கொண்டபோது டெபாசிட்காரர்களுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 23 ரூபாய்தான் தேறியது. மோசடியாக வெளியே போனது என்று சொல்லப்பட்ட பல்லாயிரம் கோடியைப் பிற்பாடு வழக்காடி மீட்டால் அது யாருக்கு? அதற்கு 1 ரூபாய் என்று விலை போட்டு வாங்கியவருக்கே கொடுத்தார்கள். அப்பீல் டிரிபியூனல் மறுபடி யோசிக்கச் சொன்னது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, கமிட்டியின் முடிவே செல்லும் என்றுவிட்டது. கமிட்டியின் வியாபார புத்தியில் கோர்ட்டு தலையிடாதாம். யாருடைய வியாபாரம், யாருடைய புத்தி என்பதை டெபாசிட் ரசீதைக் கையில் வைத்திருப்பவரிடம் கேட்டால் சொல்லுவார்.

2019இல் மத்திய சர்க்கார் ஒழுங்குமுறையற்ற டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் ஒன்றும் போட்டது. அதன் 12ஆம் பிரிவைப் படித்தால் முதலில் கண்ணில் நீர் வரும். எல்லாக் கடன்களுக்கும் சர்க்கார் வரிகளுக்கும் முன்னால் டெபாசிட்காரருக்குப் பணம் தர வேண்டும் என்கிறது. அடடா! ஆனால் வாக்கியத்தின் தலைப்பைப் பாருங்கள். பாங்கிகள் ஈட்டுச் சொத்தைப் பிடிக்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 2016 திவால் சட்டத்திலும் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அது தவிர என்று இருக்கிறது. அந்த இரண்டு சட்டங்கள்தானே சொத்தையெல்லாம் பாங்கிகளுக்கு அள்ளிக் கொடுக்கின்றன? முதல் பந்தி உனக்குத்தான், ஆனால் பெரிய மனிதர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு என்பதுதான் இதன் தமிழ். இந்த ஒரு வரியை எழுதியவர் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் மாநிலத்தில் 1997ஆம் ஆண்டின் டெபாசிட்காரர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இருப்பவற்றில் இதுதான் உருப்படியானது என்று ஒளிக்காமல் சொல்லுவோம். ஓடிப் போன கம்பெனியின் சொத்தையும், அந்தப் பணத்தில் டைரக்டர் வாங்கிய சொத்தையும் சர்க்கார் ஜப்தி செய்யலாம். தனிக் கோர்ட்டு உண்டு. விற்ற பணத்தை டெபாசிட்காரர்களுக்கு விகிதப்படி பிரிக்கலாம். இது செல்லாது என்று வழக்காடினார்கள். செல்லும் என்று 2011இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. மகாராஷ்டிரத்தில் இதே மாதிரிச் சட்டத்தின் கீழ் ஜப்தி செய்த சொத்தின் மீது ஈடு பெற்ற கடன்காரர்கள் முன்னுரிமை கொண்டாட முடியாது என்றும், திவால் சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாது என்றும் 2025 மே மாதத்தில் அதே கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. நல்ல தீர்ப்பு. டில்லிச் சட்டம் கதவைச் சாத்திய இடத்தில் மாநிலச் சட்டம் ஒரு ஜன்னலைத் திறந்திருக்கிறது.

ஆனால் ஜன்னல் வழியாகக் குடித்தனம் நடத்த முடியுமா? இந்தச் சட்டம் அடிப்படையில் போலீஸ் சட்டம். புகார், கைது, ஜாமீன், குற்றப்பத்திரிகை என்ற பாதையில்தான் பணமும் நடந்து வர வேண்டும். தகுதி பெற்ற அதிகாரி என்று மாவட்ட வருவாய் அதிகாரியை நியமிக்கிறார்கள். பட்டா, வெள்ளம், தேர்தல், மந்திரி வருகை எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் இந்தச் சொத்தை மதிப்பிட்டு ஏலம் போட வேண்டும். நிதியை நடத்தத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. நகைக்கடன் வசூல் ஆக வேண்டும், வாடகை வர வேண்டும், சிப்பந்திகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், கணக்குப் புத்தகம் கரையான் அரிக்காமல் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு நிர்வாகி தேவை. சங்கரன்கோவிலிலிருந்து மதுரைத் தனிக் கோர்ட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னை என்றால் ஐந்நூறுக்கு மேல். ஒரு வாய்தாவுக்குப் போய் வந்தால் தறியில் இரண்டு நாள் கூலி போச்சு. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முழுகி ராஜதானி முழுவதும் அழுதபோது சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டையே சிறைக்கு அனுப்பினார்கள். துரையைச் சிறையில் போட்டது சரிதான். ஆனால் சிறைக் கதவு சாத்திய சத்தத்தில் எவருடைய சேமிப்பும் வீடு வந்து சேரவில்லை.

இதற்கெல்லாம் வேறு வழியே கிடையாதா? ரஷ்யாவைப் பார், சீனாவைப் பார் என்று நாம் சொல்லப் போவதில்லை. முதலாளித்துவத்தின் தாய்வீடான பிரிட்டனையே பாருங்கள். அங்கே நம் நிதியைப் போன்றவை பில்டிங் சொசைட்டிகள், அங்கத்தினர் பணத்தில் வீட்டுக் கடன் கொடுப்பவை. 2009ஆம் ஆண்டின் பாங்கிச் சட்டத்தை அவற்றுக்கும் பொருத்தினார்கள். அதன்படி முழுகிய சொசைட்டிக்கு வரும் லிக்விடேட்டருக்கு இரண்டு கடமைகள். முதல் கடமை, ஒவ்வொரு டெபாசிட்காரரின் கணக்கும் வேறு ஸ்தாபனத்துக்கு மாறுவதற்கோ, நஷ்ட ஈட்டு நிதியிலிருந்து அவர் கைக்குப் பணம் போவதற்கோ சீக்கிரம் ஏற்பாடு செய்வது. சொத்தை விற்று மற்றக் கடன்காரர்களுக்குக் கொடுப்பது இரண்டாவது. முதலாவது இரண்டாவதுக்கு முந்தியது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அதே 2009 மார்ச்சில் ஸ்காட்லாந்தில் 1869இல் தோன்றிய டன்பெர்ம்லைன் சொசைட்டி சாய்ந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் அதன் டெபாசிட்டுகளையும் கிளைகளையும் நேஷன்வைட் என்ற பெரிய சொசைட்டிக்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை காலை கிளைகள் திறந்தன. நொந்த பாகம் மட்டும் நிர்வாகிகளிடம் போயிற்று. பிரிட்டிஷ் முதலாளிக்கு நம் முதலாளியை விட இரக்கம் அதிகம் என்றா அர்த்தம்? இல்லை. அங்கே ஜனங்கள் தெருவில் கியூ நின்றால் ஆட்சியே ஆடிப் போகும் என்ற பயம். இங்கே அந்தப் பயத்தை நாம்தான் இன்னும் உண்டாக்கவில்லை.

உண்டாக்கினால் நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. டெபாசிட் இன்சூரன்ஸ் 1993இலிருந்து 1 லட்சத்திலேயே கிடந்தது. 2019 செப்டம்பரில் பம்பாயின் பி.எம்.சி. கூட்டுறவு பாங்கியில் பணம் எடுப்பதைக் கட்டுப்படுத்தியவுடன் டெபாசிட்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள், ரிசர்வ் வங்கி வாசலில் கூடினார்கள். 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆயிற்று. 2021இல், பாங்கியைக் கட்டுப்பாட்டில் வைத்தால் 90 நாளுக்குள் இன்சூரன்ஸ் பணம் தர வேண்டும் என்ற விதி வந்தது. 5 லட்சத்துக்கு மேல் போட்டவர்களுக்குப் பத்து வருஷத் தவணை என்ற அநியாயமும் கூடவே வந்தது என்பதையும் மறக்கவில்லை.

"ஜனங்களின் பேராசைதான் காரணம், வட்டிக்கு ஆசைப்பட்டுப் போட்டார்கள்" என்று உபதேசம் செய்யும் மேதாவிகள் இருக்கிறார்கள். 24 சதம், 36 சதம் என்று ஆசை காட்டிய மோசடிக் கம்பெனிகளைப் பற்றி அப்படிச் சொன்னாலும் பாதி உண்மை இருக்கும். நிதியில் பணம் போட்டவர் சர்க்கார் விதி அனுமதித்த வட்டிக்கு, சர்க்கார் பதிவு செய்த கம்பெனியில் போட்டவர். காவலை எடுத்தது யார்? பழைய 1956 சட்டத்தின்படி மத்திய சர்க்கார் பரிசீலித்து நிதி என்று அறிவித்தவை சுமார் 390தான். 2013 சட்டம் முதலில் அந்த முன் அனுமதியே வேண்டாம் என்றது. 2014க்கும் 2019க்கும் நடுவில் பத்தாயிரத்துக்கு மேல் முளைத்தன. பிறகு விழித்துக்கொண்டு விண்ணப்பம் கேட்டார்கள்; போட்டவை சுமார் 2,300. 2021 ஆகஸ்டு வரை 348 விண்ணப்பங்களைப் பரிசீலித்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை என்று சர்க்காரே அறிக்கை விட்டது. ஒன்றுகூட! கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் திருடு போனவனைப் பார்த்துப் பேராசைக்காரன் என்பதா?

ஆகவே நாம் கேட்பது தர்மம் அல்ல. நிதிகளுக்கும் தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் 5 லட்சம் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் வேண்டும். பிரீமியத்தை நிதிகளே கட்டட்டும். முழுகிய நிதிக்குப் போலீசைத் தவிர ஒரு நிர்வாகியும் உடனே வர வேண்டும். டெபாசிட்காரர்கள் தலைக்கு ஒரு ஓட்டாகத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏல விலையையும் செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். வரவும் பற்றும் உள்ளவருக்கு முதல் நாளிலேயே நேர் செய்து, கடன் தீர்ந்தால் நகையைக் கையில் கொடுக்க வேண்டும். 2019 சட்டத்தின் 12ஆம் பிரிவில் அந்த "தவிர" ஒழிய வேண்டும். டைரக்டரின் சொத்தும், அவர் பெண்டாட்டி பிள்ளைகள் பேரில் ஸ்தாபனப் பணத்தில் வாங்கிய சொத்தும் முதலில் ஏலத்துக்கு வரட்டும். பெரிய புள்ளி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு வேறு பெயரில் வேறு பலகை மாட்டுவது நிற்க வேண்டும்.

இதற்குக் காத்திருக்கும் வரையில் நிதியில் பணம் உள்ள தோழர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டெபாசிட் ரசீது, பாஸ் புத்தகம், நகை ஈட்டுச் சீட்டு, அந்த நூறு ரூபாய்ப் பங்குப் பத்திரம் நான்கையும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். அசலைப் புதுப்பிக்கிறோம் என்று வாங்கிக்கொண்டால் கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் கொடுக்காதீர்கள். முதிர்ந்த பணம் தராமல் "அடுத்த மாதம்" என்று இரண்டாம் முறை சொன்னால் தனித்தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டாம். ஒரே நிதியில் போட்டவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, பேரும் தொகையும் எழுதிப் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். வாங்கியதற்கு ரசீது கேளுங்கள்.